கோல்ஃப்: 84 மைல் டிரைவர் வேகம் 95 மைல் ஆகுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். வயது 47. சென்னையில் வாரம் இரண்டு நாள் கோல்ஃப் ஆடுகிறீர்கள், ஹேண்டிகேப் (ஆட்டத்திறனைக் காட்டும் எண், குறையக் குறைய நல்லது) 19. வேகம் அளக்கும் லான்ச் மானிட்டரில், டிரைவரின் (அதிக தூரம் அடிக்கும் கிளப்) வேகம் மணிக்கு 84 மைல், பந்தின் வேகம் 116 மைல். கோடையில் ஊட்டியில் ஆடியபோது 220 யார்டு போன பந்து, ஊருக்குத் திரும்பியதும் 200-ஐத் தாண்ட மறுக்கிறது. ஸ்விங்கை, அதாவது கிளப்பை வீசும் முறையைத் தொடாமல், ஜிம்மில் எந்த உடற்பயிற்சி செய்தால் 95-க்குப் போகலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், போகிற போக்கில், இரண்டு வருஷத்துக்கு முன் இடுப்பு பிடித்துக்கொண்டு மூன்று வாரம் படுத்திருந்ததையும் எழுதியிருக்கிறீர்கள். கேட்டது ஒரு உடற்பயிற்சியின் பெயர். ஆனால் இந்த வயதில், இந்த முதுகோடு, இன்னும் வேகமாக வீச என் உடம்பு இடம் கொடுக்குமா என்ற கேள்விதான் அதற்குள் இருப்பதாக எனக்குப் படுகிறது. அதற்குத்தான் எழுதுகிறேன்.

நான் பிசியோதெரபிஸ்ட். பதினைந்து வருஷத்துக்கு மேலாக விளையாடுகிறவர்களோடு வேலை. அதில் பெரும்பங்கு கோல்ஃப்காரர்கள், அதிலும் நாற்பதைத் தாண்டிய, பகலெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற ஆட்கள். உடம்பைப் பற்றி நான் சொல்வதை நம்பி எடுத்துக்கொள்ளலாம். ஸ்விங்கைப் பற்றிச் சொல்வது ரேஞ்சில், அதாவது பந்தடித்துப் பழகும் திடலில், பயிற்சியாளர்களின் பக்கத்தில் நின்று கற்றது. அதை உங்கள் கோச்சிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் ஸ்விங்கை நான் பார்த்ததில்லை, முதுகையும் தொட்டுப் பார்த்ததில்லை. அதனால் எது நிச்சயம், எது என் கணிப்பு, எது இன்னும் வாதத்தில் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே போகிறேன். வலக்கை ஆட்டக்காரர் என்று வைத்துக்கொள்கிறேன். இடக்கை என்றால் எல்லாவற்றையும் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் ஊட்டி. அங்கே உங்கள் வேகம் கூடவில்லை, காற்றுதான் மெலிந்திருந்தது. கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டர் உயரத்தில் பந்தைப் பின்னால் இழுக்கிற தடை குறையும். அந்த உயரத்துக்கு ஏறக்குறைய எட்டு சதவீதம் தூரம் கூடும் என்பது கோல்ஃபில் பழகிய கணக்கு. 200-க்கு எட்டு சதவீதம் 16. மிச்சம் நாலு யார்டை மலைச்சரிவு கொடுத்திருக்கும். தூரத்தை வைத்து வேகத்தை அளந்தால் ஏமாந்துபோவோம் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். சென்னையிலேயே, மே மாதத்துக் காய்ந்த ஃபேர்வேயில் (குழியை நோக்கிப் போகும் வெட்டிய புல்வெளி) உருண்டோடுகிற பந்து நவம்பர் மழைக்குப் பின் விழுந்த இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். இனி ஆறு மாதத்துக்கு நீங்கள் குறித்துவைக்க வேண்டியது கிளப் தலையின் வேகம், பந்தின் வேகம், இந்த இரண்டு எண்கள்தான்.

அந்த இரண்டு எண்களிலேயே ஒரு சேதி இருக்கிறது. 116-ஐ 84-ஆல் வகுத்தால் 1.38. இதைத்தான் ஸ்மாஷ் ஃபேக்டர் என்கிறார்கள். கிளப் முகம் எவ்வளவு துள்ளலாம் என்பதற்கு விதியே எல்லை போட்டிருப்பதால், டிரைவரில் இதன் உச்சம் 1.5-ஐ ஒட்டித்தான் இருக்கும். அமெரிக்காவின் பிஜிஏ டூரில் ஆடும் தொழில்முறை ஆட்டக்காரர்களின் சராசரி 1.48 அளவில் இருக்கிறது. நீங்கள் 1.46-ஐத் தொட்டால், அதே 84 மைல் ஸ்விங்கில் பந்து 122 மைலைத் தாண்டும். பந்து வேகத்தில் ஒரு மைலுக்கு ஏறக்குறைய இரண்டு யார்டு. ஆக, ஒரு தண்டால்கூட எடுக்காமல் பன்னிரண்டு யார்டு உங்கள் பைக்குள்ளேயே கிடக்கிறது. வெள்ளைப் பலகையில் எழுதுகிற மார்க்கரால் பந்தின் பின்புறம் ஒரு பொட்டு வையுங்கள். அந்தப் பொட்டு கிளப்பைப் பார்க்கும்படி டீயில் (பந்தைத் தாங்கும் சின்னக் குச்சி) வைத்து அடித்தால் கிளப் முகத்தில் மை ஒட்டும். பத்துப் பந்து அடித்துவிட்டு முகத்தைத் திருப்பிப் பாருங்கள். புள்ளிகள் ஒரே பக்கம் கூட்டமாக இருந்தால் நல்லது. நிற்கிற தூரத்தையோ டீயின் உயரத்தையோ மாற்றினாலே பாதி சரியாகிவிடும். நடுவிலேயே பட்டும் எண் ஏறவில்லை என்றால், கிளப் வெளியிலிருந்து உள்ளே குறுக்காக வெட்டிக்கொண்டு வரலாம், உங்களுக்கு ஸ்லைஸும் (பந்து வலப்பக்கம் வளைந்து போவது) இருக்கலாம். முகம் முழுக்கச் சிதறிக் கிடந்தால் கோச்சிடம் நாலு வகுப்பு போட்டுக்கொள்ளுங்கள். இந்த வேலை முடிகிற வரை வேகப் பயிற்சிக்குக் காத்திருக்க வேண்டாம், இரண்டும் சேர்ந்தே நடக்கலாம். ஆனால் இது நடக்காமல் அது மட்டும் நடந்தால், கூடுகிற வேகம் பந்துக்குப் போய்ச் சேராது.

சரி, இப்போது 95-க்கு வருவோம். 84-லிருந்து 95 என்றால் 13 சதவீதம். கேட்க எளிதாக இருக்கும். சின்ன வயதில் கயிற்றில் கல்லைக் கட்டிச் சுழற்றியிருப்பீர்கள். வேகம் கூடக் கூடக் கல் கையை வெளியே பிடுங்கும். அந்தப் பிடுங்கல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். டிரைவர் தலையின் எடை ஏறக்குறைய 200 கிராம். 84 மைலில் அது உங்கள் கைகளைப் பதினைந்து முதல் இருபது கிலோ எடைக்குச் சமமாக வெளியே இழுக்கிறது. 95-இல் அந்த இழுப்பு 28 சதவீதம் கூடுதல். அத்தனையையும் விரல், முன்னங்கை, தோள், முதுகு, இடது தொடை, இடது பாதம் என்று வரிசையாகத் தாங்கி நின்றால்தான் கிளப் பந்துக்கு நேராக வந்து சேரும். இது இயற்பியல், இதில் சந்தேகமே இல்லை. இதற்கு மேல் என் கணிப்பு ஒன்று: தன்னால் தாங்கி நிறுத்த முடியாத வேகத்தை உடம்பு தராது. நீங்கள் கேட்டாலும் கடைசி நேரத்தில் தானாக அடக்கிக்கொள்ளும். இடுப்பு ஒருமுறை பிடித்துக்கொண்டவர்களிடம் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். வலி போய் ஒரு வருஷம் ஆகியிருக்கும், ஸ்விங்கில் மட்டும் அந்தப் பயம் உட்கார்ந்திருக்கும். உங்களுக்கும் அப்படி இருக்கலாம் என்று சந்தேகப்படுகிறேன்.

அதனால் "ஸ்விங்கைத் தொடாமல்" என்ற உங்கள் நிபந்தனையை மட்டும் தளர்த்திக்கொள்ளச் சொல்வேன். புது ஸ்விங் கட்ட வேண்டியதில்லை. கிளப் உச்சியில் நிற்கிற கணத்திலிருந்து பந்தைத் தொடுவதற்கு ஏறக்குறைய கால் நொடிதான் இருக்கிறது. அந்தக் கால் நொடியில் கைகள் போகிற பாதை எவ்வளவு நீளமோ, அந்தப் பாதை நெடுக எவ்வளவு விசையோடு இழுக்கிறீர்களோ, அதுதான் வேகமாகிறது. நாற்பதுக்கு மேல் முதலில் சுருங்குவது பாதையின் நீளம். தோள் முழுதாகத் திரும்பாது, கைகள் தோள் உயரத்திலேயே நின்றுவிடும். இதை இன்னும் மோசமாக்குவது, இடுப்பைப் பூட்டிக்கொண்டு தோளை மட்டும் திருப்பு என்ற அறிவுரை. 1990-களில் எக்ஸ் ஃபேக்டர் என்ற பெயரில் இது பரவியது. இடுப்புக்கும் தோளுக்கும் இடையே முறுக்கு அதிகமுள்ளவர்கள் வேகமாக அடிக்கிறார்கள் என்பதில் உண்மை உண்டு. ஆனால் முறுக்கை வலிந்து கூட்டினால் வேகம் கூடுமா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. கீழ்முதுகின் ஐந்து எலும்பும் சேர்ந்தே பத்துப் பதினைந்து டிகிரிதான் திரும்பும். உடம்பு திரும்புவது இடுப்பு மூட்டிலும் மார்பு முதுகிலும்தான். 47 வயதில், உங்கள் முதுகோடு, இடுப்பைப் பூட்டாதீர்கள். வலது பாதத்தை இருபது முப்பது டிகிரி வெளியே திருப்பி வையுங்கள். கிளப்பைப் பின்னால் கொண்டுபோகும் பேக்ஸ்விங்கில் இடுப்பு தாராளமாகத் திரும்பட்டும், இடது குதிகால் தரையை விட்டு எழும்பினால் எழும்பட்டும். கோல்ஃபின் மிகப் பெரிய போட்டிகளான மேஜர்களில் 18 பட்டம் வென்ற ஜாக் நிக்லாஸ் குதிகாலை எழுப்பித்தான் ஆடினார். இந்த ஒரு மாற்றத்திலேயே கைகள் அரையடி கூடுதலாகப் பின்னால் போவதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன், முதுகுக்கும் அது இதம்.

அடுத்தது கால். மாங்காய்க்குக் கல் எறிகிற பையனைக் கவனியுங்கள். கை இன்னும் பின்னால் போய்க்கொண்டிருக்கும்போதே முன்கால் தரையில் ஊன்றிவிடும். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. நல்ல ஸ்விங்கிலும் இதுவே நடக்கிறது. கிளப் மேலே போய் முடிவதற்கு முன்பே எடை இடது காலுக்கு வரத் தொடங்குகிறது. அந்த முழங்கால் லேசாக மடங்கி, அப்புறம் தரையை உதைத்து நிமிர்கிறது. அந்த உதை இடுப்பைச் சுழற்றுகிறது. இடுப்பு வேகம் குறையும்போது மார்பு முந்துகிறது, மார்பு குறையும்போது கைகள், கைகள் குறையும்போது கிளப். சாட்டை சொடுக்குவது மாதிரி. முன்னால் இருப்பது நின்றால்தான் பின்னால் வருவது பாயும். வேகமாக அடிக்கிறவர்களை அளந்தபோதெல்லாம் இந்த வரிசையே பொதுவாகத் தெரிந்திருக்கிறது, இதை நிச்சயம் என்றே சொல்லலாம். இதற்கு நேர்மாறாக, மணிக்கட்டை மடக்கியே வைத்திரு, கடைசி வரை விடாதே என்று சிலர் சொல்வார்கள். மணிக்கட்டின் அந்தக் கோணம் வரிசை சரியாக இருந்தால் தானாக நிற்கும். வலிந்து பிடித்தால் முன்னங்கை இறுகி கிளப் தாமதமாகும்.

உங்கள் ஸ்விங்கில் சாட்டை எங்கே சொடுக்குகிறது என்று காதாலேயே கண்டுபிடிக்கலாம். டிரைவரைத் தலைகீழாகத் திருப்பி, கிளப் தலைக்குப் பக்கத்தில் ஷாஃப்டை (கிளப்பின் தண்டு) பிடித்துக்கொண்டு பந்தில்லாமல் வீசுங்கள். விஷ் என்று ஒரு சத்தம் வரும். அது பந்து இருக்கும் இடத்தில், முடிந்தால் ஒரு சாண் தாண்டிக் கேட்க வேண்டும். வலது தோளுக்குப் பக்கத்திலேயே கேட்டுவிட்டால், பாதிப் பாதையிலேயே விசையைச் செலவழித்துவிட்டீர்கள் என்று அர்த்தம். ஐம்பதைத் தாண்டிய ஒருவர், கணக்குத் தணிக்கை செய்கிறவர், ஒருநாள் காலை ஆறரை மணிக்கு ரேஞ்சில் என் முன்னால் இப்படி வீசினார். சத்தம் வலது காதோரமே கேட்டது. கையைப் பார்த்தேன். கட்டைவிரல் நகம் ரத்தம் சுண்டி வெள்ளையாக இருந்தது, முன்னங்கையில் நரம்பு புடைத்திருந்தது, தாடைகூட இறுகியிருந்தது. கிரிப் (கிளப்பின் கைப்பிடி) உள்ளங்கையில் கிடந்ததால் நழுவுமோ என்ற பயத்தில் அப்படி நெரித்துக்கொண்டிருந்தார். விரல்களின் அடிப்பகுதிக்கு கிரிப்பைக் கொண்டுவந்து, நகத்தில் நிறம் திரும்புகிற வரை பிடியைத் தளர்த்தச் சொன்னேன். இருபது வீச்சுக்குப் பின் சத்தம் முன்னால் நகர்ந்தது. வேகம் அளக்கும் ரேடாரில் 81 இருந்தது 85 ஆனது. அந்த அரை மணி நேரத்தில் அவர் உடம்பில் ஒரு தசைகூடக் கூடவில்லை. அந்த 4 மைல் எப்போதும் அவரிடம்தான் இருந்தது.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. நம்மில் முக்கால்வாசிப் பேர் முழு வேகத்தில் வீசிப் பழகியதே கிடையாது. "மெதுவா, ஸ்மூத்தா" என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்திருக்கிறோம். மெதுவாக வீசியே பழகினால் மெதுவாக வீசுவதில்தான் தேர்ச்சி வரும். அதனால் வாரத்தில் இரண்டு நாள், ஒன்றுவிட்டு ஒன்று, வேகத்துக்கு என்றே இருபது நிமிடம் ஒதுக்குங்கள். பத்து நிமிடம் உடம்பைச் சூடாக்கிவிட்டு, பந்தில்லாமல், கண்ணுக்கு முன் ஒரு ரேடார் எண்ணோடு, அன்று முடிகிற உச்ச வேகத்தில் வீசுங்கள். முதல் இரண்டு வாரம் பதினைந்து வீச்சு போதும், அப்புறம் இருபத்தைந்து முப்பது வரை போகலாம். ஒவ்வொரு வீச்சுக்கும் நடுவில் முப்பது நொடியாவது நில்லுங்கள். மூச்சு வாங்கிக்கொண்டே வீசினால் அது வேகப் பயிற்சி ஆகாது, களைப்புப் பயிற்சி ஆகிவிடும். எண் இரண்டு மைல் இறங்கினால் அன்றைக்கு அவ்வளவுதான், கிளப்பைப் பையில் போடுங்கள். இடக்கைப் பக்கமும் சில வீச்சு வீசுங்கள். அதனால் வேகம் கூடுமா என்பது தெளிவில்லை, ஆனால் ஒரே பக்கம் திரும்பித் திரும்பிக் களைத்த முதுகுக்கு அது நல்லது என்று அனுபவத்தில் சொல்வேன்.

இதற்கென்று குச்சிகள் விற்கிறார்கள். ஒன்று டிரைவரைவிட 20 சதவீதம் இலேசு, ஒன்று 10 சதவீதம் இலேசு, ஒன்று 5 சதவீதம் கனம் என்று வரும். இலேசான குச்சியை வீசிவிட்டு உடனே சொந்த டிரைவரை எடுத்தால் வேகம் சற்றுக் கூடுகிறது, அது உண்மை. பல வாரம் அதில் பழகியவர்களுக்கும் வேகம் கூடுகிறது, அதுவும் உண்மை. ஆனால் அதே அளவு முயற்சியோடு சொந்த டிரைவரையே வீசியவர்களைவிட அவர்களுக்குக் கூடுதலாகக் கிடைக்கிறதா என்பதுதான் இன்னும் உறுதியாகாத இடம். என் பார்வையில், குச்சியின் எடையைவிட ரேடாரின் எண்தான் வேலை செய்கிறது. எண்ணைப் பார்த்ததும் ஆள் தன்னை மறந்து வீசுகிறான். காசு செலவழிக்கிறதாக இருந்தால் ரேடாருக்குச் செலவழியுங்கள். இலேசான குச்சிக்குத் தலைகீழான டிரைவரே போதும்.

இப்போது நீங்கள் கேட்ட ஜிம். கோல்ஃபுக்கு என்று சொல்லி கேபிளில் ஸ்விங் மாதிரி முறுக்குவது, உட்கார்ந்து திரும்புகிற மெஷின், பந்து மேல் நின்று டம்பெல் தூக்குவது, இவற்றையெல்லாம் முதல் ஆறு மாதம் மறந்துவிடுங்கள். உட்கார்ந்து திரும்புகிற மெஷின் உங்கள் முதுகுக்கு வேண்டவே வேண்டாம். யார் உயரமாகக் குதிக்கிறார்களோ, யார் தரையிலிருந்து அதிக எடை தூக்குகிறார்களோ, யார் மெடிசின் பாலை (எடையுள்ள பயிற்சிப் பந்து) வேகமாக எறிகிறார்களோ, அவர்கள்தான் கிளப்பையும் வேகமாக வீசுகிறார்கள். இந்தத் தொடர்பு பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. அதனால் வாரம் இரண்டு நாள், ஒவ்வொரு நாளும் நாற்பத்தைந்து நிமிடம், ஐந்தே வேலை: ஒரு ஸ்குவாட் (எடையோடு உட்கார்ந்து எழுவது), ஒரு டெட்லிஃப்ட் (தரையிலிருந்து எடை தூக்குவது), ஒற்றைக்காலில் ஒரு லஞ்ச் (ஒரு காலை முன்வைத்து மடங்கி எழுவது), ஒரு இழுப்பு, ஒரு தள்ளல். தண்டால் ஒழுங்காக வந்தால் தள்ளலுக்கு அதுவே போதும். முதல் எட்டு வாரம் பத்துப் பத்தாக, முடிக்கும்போது இன்னும் மூன்று எடுக்கலாம் என்கிற அளவில். அதற்கு அப்புறம் எடையைக் கூட்டி ஐந்தைந்தாக. பார்பெல்லைத் தரையிலிருந்து எடுக்க முதுகு தயங்கினால் முழங்கால் உயரத்தில் வைத்து எடுங்கள், அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. எட்டு வாரத்துக்குப் பின் ஜிம் வேலையில் வேகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நின்ற இடத்திலிருந்து குதிப்பது, மூன்று கிலோ மெடிசின் பாலைப் பக்கவாட்டில் சுவரில் அறைவது, நாலைந்து தடவைக்கு மேல் போகாமல், ஒவ்வொன்றும் முழு வேகத்தில். அதைப் பன்னிரண்டாவது தடவை தளர்ந்துபோய் எறிவதில் பயனில்லை. கனமாகத் தூக்கினால் உடம்பு இறுகி ஸ்விங் கெட்டுவிடும் என்ற பயம் உங்களுக்கும் இருக்கலாம். முழு அசைவில் தூக்குகிறவர்களுக்கு அப்படி நடப்பதில்லை. 47 வயதில் இதைத் தொடங்கும் முன் ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயம் மூன்றையும் மருத்துவரிடம் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கர்லாக்கட்டை பற்றிப் பலர் என்னிடம் கேட்பதுண்டு. தோளைச் சுற்றிலும் திறந்துவிடுவதற்கு, மணிக்கட்டையும் பிடியையும் வலுவாக்குவதற்கு நம்மிடம் இருக்கிற அருமையான கருவி அது. வீட்டில் இருந்தால் இலேசான கட்டையைத் தினமும் ஐந்து நிமிடம் சுற்றுங்கள். அதன் சுற்று டிரைவரைவிட மெதுவானது, அதனால் வேகப் பயிற்சிக்கு மாற்றாக அதை நான் எண்ணுவதில்லை. ஆடப்போகும் முன் உடம்பைத் திறக்க அது பொருத்தம். யோகா செய்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: ஒரே நிலையில் நீண்ட நேரம் பிடித்து இழுக்கிற ஸ்ட்ரெட்சிங்கை ஆட்டத்தின் முதல் அடிக்குச் சற்று முன் செய்தால் வேகம் தற்காலிகமாகக் குறைகிறது. அதை மாலையில் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் அசைந்து அசைந்து சூடேறுகிற வேலைதான் சரி.

உங்கள் முதுகைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. முழு ஸ்விங்கில் கீழ்முதுகின் மேல் விழுகிற அழுத்தம் உடல் எடையைப்போல் எட்டு மடங்கு வரை அளக்கப்பட்டிருக்கிறது. பொழுதுபோக்காக ஆடுகிறவர்களுக்கு அதிகம் வருகிற காயங்களில் கீழ்முதுகு வலிக்கே முதலிடம். வேகப் பயிற்சி தொடங்கும் முன் இரண்டு சோதனைகளை வீட்டிலேயே செய்து பாருங்கள். நாற்காலியில் முழங்காலைச் சேர்த்து உட்கார்ந்து, கிளப்பை மார்பின் குறுக்கே வைத்துக் கட்டிக்கொண்டு இரு பக்கமும் திரும்புங்கள். 45 டிகிரி வர வேண்டும். அடுத்து, உயரமான மேசையில் கால் தொங்க உட்கார்ந்து, தொடை அசையாமல் இடது பாதத்தை வெளிப்பக்கம் தூக்குங்கள். இடுப்பு மூட்டு உள்நோக்கிச் சுழலும் அளவு அது. முப்பது டிகிரிகூட வரவில்லை என்றால், பந்தை அடித்து முடிக்கும்போது இடுப்பு திரும்ப இடமில்லாமல் அந்தத் திருப்பத்தை முதுகு வாங்கிக்கொள்கிறது. முதுகு வலியோடு என்னிடம் வந்த கோல்ஃப்காரர்களில் பெரும்பாலோருக்கு இந்த இடது இடுப்புதான் இறுகியிருந்தது. அப்படி இருந்தால் ஆறு வாரம் இடுப்பை விடுவிக்கிற வேலை முதலில், வேகம் அப்புறம். இடது பாதத்தையும் கொஞ்சம் வெளியே திருப்பி வைத்தால் அன்றே ஓரளவு ஆறுதல் கிடைக்கும். முழங்காலுக்குக் கீழே இறங்குகிற வலி, பாதத்தில் மரத்துப்போவது, இருமினால் தும்மினால் சுரீர் என்று இழுப்பது, இவற்றில் எது வந்தாலும் நிறுத்திவிட்டு நேரில் போய்க் காட்டுங்கள். சிறுநீர் கழிப்பதில் தடை வந்தாலோ தொடையிடுக்கில் உணர்வு மங்கினாலோ அன்றைக்கே மருத்துவமனை.

டிவியில் பார்த்து யாரை முன்மாதிரியாக எடுத்துக்கொள்வது என்று யோசித்தால், அமெரிக்க ஆட்டக்காரர் பிரைசன் டீஷாம்போவை வேண்டாம் என்பேன். ஒரு வருஷத்துக்குள் கிட்டத்தட்ட இருபது கிலோ எடை ஏற்றி, 2020-இல் விங்க்டு ஃபுட் மைதானத்தில் அமெரிக்க ஓபனை ஆறு ஸ்ட்ரோக் (அடி) வித்தியாசத்தில் வென்றார். பின்னால் எடையைக் குறைத்துக்கொண்டு 2024-இல் பைன்ஹர்ஸ்டிலும் அதே பட்டத்தை வென்றார். முழுநேரமும் அதற்கென்றே ஒரு குழுவோடு உழைக்கிறவர் அவர். இங்கிலாந்து ஆட்டக்காரர் மேட் ஃபிட்ஸ்பேட்ரிக்கைப் பாருங்கள். மெல்லிய உடம்பு, நீளமாக அடிப்பவர் என்ற பெயரே இருந்ததில்லை. அளந்து அளந்து, பொறுமையாக வேகப் பயிற்சி செய்து, 2022-இல் புரூக்லைனில் அமெரிக்க ஓபனை வென்றார். அதே மைதானத்தில்தான் 2013-இல் அமெரிக்க அமெச்சூர் பட்டமும் வென்றிருந்தார். நம் நாட்டு அதிதி அசோக்கையும் மறக்கக் கூடாது. டோக்கியோ ஒலிம்பிக்கில் களத்திலேயே குறைந்த தூரம் அடித்தவர்களில் ஒருவராக இருந்தும், பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் பட்டர் கிளப்பின் பலத்தில் ஆடி, ஒரே ஒரு ஸ்ட்ரோக்கில் வெண்கலத்தை இழந்து நாலாவதாக வந்தார். ஹேண்டிகேப் 19 என்றால் கிரீனை (குழியைச் சுற்றிய வழுவழுப்பான புல்தரை) சுற்றியும் நிறைய ஸ்ட்ரோக் சிந்திக்கொண்டிருப்பீர்கள். வேகப் பயிற்சிக்காக அந்தப் பயிற்சி நேரத்தைத் திருடாதீர்கள்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்? முதல் மூன்று மாதத்தில் நாலு முதல் ஆறு மைல் என்பது நடக்கக்கூடியது. பிடியிலும் பாதையிலும் பயத்திலும் அடைபட்டிருந்தது திறப்பதால் அது சீக்கிரம் வரும். அதைப் பார்த்து, இன்னும் மூன்று மாதத்தில் இன்னொரு ஆறு என்று கணக்குப் போட வேண்டாம். அதற்கு அப்புறம் வருவது தசையிலிருந்து வர வேண்டும், தசைக்கு மாதங்கள் வேண்டும். 90, 91 வரை உங்களால் போக முடியும் என்று ஓரளவு நம்பிக்கையாகவே சொல்வேன். 95-க்கு ஒன்றரை வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் முதுகு ஒத்துழைத்தால்தான். 90 மைலில் 1.45 ஸ்மாஷ் ஃபேக்டர் வந்தாலே பந்து 130 மைலில் கிளம்பும். இன்றைய 116-ஐவிட 14 மைல் கூடுதல்; சென்னைக் காற்றிலேயே இருபத்தைந்து யார்டுக்கு மேல்.

ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு காலை, சூடேறிய பின், பந்து வைத்து ஐந்து டிரைவர் அடியுங்கள். வேகமான மூன்றின் கிளப் வேகம், பந்து வேகம், அன்று முதுகு எப்படி இருந்தது என்று தேதியோடு எழுதுங்கள். கிளப் வேகம் ஏறி ஸ்மாஷ் ஃபேக்டர் 1.38-க்குக் கீழே இறங்கினால், அடுத்த வாரம் வேகப் பயிற்சியில் ஒரு நாளைக் கழித்துவிட்டு அந்த நேரத்தில் மார்க்கர் பொட்டோடு பந்து அடியுங்கள். திங்கட்கிழமை காலை செருப்பை மாட்டக் குனியும்போது இடுப்பு பிடித்தால், எண் எவ்வளவு ஏறியிருந்தாலும் அந்த வாரம் உச்ச வேக வீச்சு கிடையாது.